நிழல் ஒளியும் நேரம்

நண்பகலில் சூரியன் தினமும் உச்சந்தலைக்கு நேரே வருவதாகப் பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் அது ஆண்டுக்கு இரண்டே நாட்கள்தான்; அதுவும் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மட்டும். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதே காரணம். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில் வரும் அந்த நாள், மெல்ல வடக்கே நகர்ந்து ஏப்ரல் 24 வாக்கில் சென்னையை எட்டுகிறது. ஆகஸ்டில் சூரியன் தெற்கே திரும்பும்போது சென்னைக்கு மீண்டும் ஒருமுறை.

அந்த நாளில் நிழல் மறையும் அழகான காட்சியைக் காண ஒரு தகர டப்பா போதும். அதைச் சமதளத்தில் நிறுத்தினால், நிழல் சுருங்கிச் சுருங்கி, சென்னையில் ஏப்ரலில் சுமார் 12.07 மணிக்கு டப்பாவின் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். இந்திய நேரம் சென்னைக்குக் கிழக்கே உள்ள 82.5 டிகிரி தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவதே அந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம். சில நிமிடங்களில் நிழல் கிழக்குப் பக்கம் மெல்ல எட்டிப் பார்க்கும்.