செங்கல்லும் சேறும்



பிரிக்பீல்ட்ஸில் கூடி உட்கார்ந்து வெள்ளத்தைப் பேசுவதற்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு. இந்த வட்டாரத்துக்குப் பெயர் வாங்கித் தந்ததில் வெள்ளத்துக்கும் பங்கிருக்கிறது. 1881 ஜனவரியில் கோலாலம்பூர் தீப்பிடித்து எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்து மிச்சத்தையும் கரைத்துக்கொண்டு போனது. பலகையும் அத்தாப்புக் கூரையுமாக நின்ற ஊர், ஒரே வருஷத்தில் இரண்டு முறை அழிந்தது. அடுத்த ஆண்டு ரெசிடெண்ட் பதவிக்கு வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழும்பட்டும் என்றார். செங்கல்லுக்குச் சூளை வேண்டும். சூளைக்குக் களிமண் வேண்டும். களிமண் இங்கே கிடைத்தது. சூளைகள் வந்தன, பின்னால் ரயில்வே வந்தது, ரயில்வேக்காக யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நம் முன்னோர் வந்தார்கள்.

கோலாலம்பூர் என்ற பெயரிலேயே சேறு இருக்கிறது. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கிற சேற்றுத்துறை அது. அப்படிப்பட்ட ஊரில் வெள்ளம் வந்தபின், இது யாரும் எதிர்பாராதது என்று அறிக்கை விடக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இந்த நகரம் ஏதாவது ஒன்றைக் கட்டிப் பதில் சொல்லியிருக்கிறது. 1881க்குச் செங்கல். 1926இல் பெருவெள்ளம் வந்தபின் நகருக்குள் ஆற்றை நிமிர்த்தி நேராக்கினார்கள். 1971 ஜனவரியில் வந்தது இன்னும் பெரியது. கோலாலம்பூரில் 32 பேர் இறந்தார்கள், 1,80,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், பிரதமர் துன் அப்துல் ரசாக் அதைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். அதன்பின் அணைகளுக்கும் வெள்ளத்தடுப்புத் திட்டங்களுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. 2007இல் ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. 9.7 கிலோமீட்டர் நீளம், ஏறத்தாழ 190 கோடி ரிங்கிட் செலவு. மழையில்லாத நாளில் அதன் நடுப்பகுதியில் கார் ஓடும். ஆறு பொங்கினால் வாகனங்களை வெளியேற்றிவிட்டு அதே பாதையில் தண்ணீரை விடுவார்கள். உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற வேலை, சந்தேகமில்லை.

ஆனால் அந்தச் சுரங்கம் யாருக்குக் குடை பிடிக்கிறது? மஸ்ஜித் ஜாமெக், டத்தாரான் மெர்டேக்கா, நகர மையத்துக் கடைவீதிகள். கிள்ளான் ஆறோ சுமார் 120 கிலோமீட்டர் ஓடுகிறது. மையத்தைத் தாண்டியதும் அது நின்றுவிடுவதில்லை. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் என்று இறங்கிக் கடலுக்குப் போகிறது. கீழே போகப் போகத் தரை தாழ்கிறது, வீட்டு விலையும் தாழ்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் எத்தனையோ பேர் குடியேறியது அந்தத் தாழ்ந்த பக்கத்தில்தான். ஷா ஆலாமே முன்பு தோட்டம். பால்மரமும் செம்பனையும் நின்ற மண். அந்த மண் மழையைக் குடித்தது. தாரும் சிமெண்டும் குடிக்காது, அப்படியே லோங்காங்கில் தள்ளிவிடும்.

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை. மழை பிடித்தது. சனிக்கிழமையும் விடவில்லை. வருஷக் கடைசி வெள்ளம் என்றால் கிளந்தான், திரெங்கானு, பகாங் என்றுதான் இந்தப் பக்கத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைத்தானே அடிக்கும்! அந்த முறை ஒரு வெப்பமண்டலக் காற்றழுத்தத் தாழ்வு தீபகற்பத்தைக் கடந்து வந்தது. ஒரு மாதம் பெய்யவேண்டியது ஒரே நாளில் கொட்டிவிட்டது என்று அரசாங்கமே சொன்னது.

ஷா ஆலாம் 25ஆவது பிரிவில், ஆற்றை ஒட்டி, தாமான் ஸ்ரீ மூடா இருக்கிறது. அங்கே கீழ்த்தளங்கள் முழுகின. சனம் மாடிக்கு ஏறியது, மாடி போதாதவர்கள் கூரைக்கு ஏறினார்கள். கைபேசியில் சார்ஜ் இருந்தவரை உதவி கேட்டார்கள். படகு வந்துசேர நாள் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. முதலில் வந்த படகுகளில் பல தன்னார்வலர்களுடையவை. பெட்டாலிங் ஜெயா குருத்வாராவின் சமையலறையில் சாதி மதம் கேட்காமல் ஆயிரக்கணக்கில் பொட்டலம் கட்டினார்கள். ஆரம்ப நடவடிக்கைகளில் பலவீனம் இருந்ததை அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி சில நாட்களிலேயே ஒப்புக்கொண்டார். நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள்; அதில் ஏறத்தாழப் பாதி சிலாங்கூரில்.

தண்ணீர் வடிந்தபிறகு தெரு தெரியவில்லை. மெத்தை, சோபா, பள்ளிப் புத்தகம், சாமி படம் எல்லாம் ஒரே நிறத்தில், வாசலுக்கு வாசல் மலைபோல். புள்ளிவிவர இலாகா பின்னர் கணக்குப் போட்டது: அந்தப் பருவ வெள்ளங்களில் நாட்டுக்கு இழப்பு 610 கோடி ரிங்கிட், அதில் சிலாங்கூருக்கு மட்டும் 310 கோடி. வாகனங்களில் போனது மட்டும் சுமார் 100 கோடி. இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோம் என்று நம்பியிருந்த பலருக்கு, வெள்ளச் சேதம் அதில் சேராது என்பது கார் முழுகியபின்தான் தெரிந்தது. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் காப்பைத் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டி வாங்கவேண்டும். ரோட் டாக்ஸ் புதுப்பிக்கும்போது முகவரிடம் கேட்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் மழை என்றும் அப்போது சொன்னார்கள். கேட்பவர் காதில் இது எப்படி விழுகிறது? வந்துவிட்டது, இனி பேரப்பிள்ளை காலத்துக்குத்தான் என்று விழுகிறது. நீரியல் நிபுணர் சொல்வது வேறு. எந்த வருஷத்திலும் அப்படியொரு மழை வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருஷம் வந்ததா என்று வானம் கேட்காது. முப்பது வருஷ வங்கிக் கடனில் வீடு வாங்குகிறவர் கணக்கை முழுதாகப் போட்டால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அது வாசலுக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26. நான்கு வீட்டில் ஒரு வீடு. வீடு விற்கிற விளம்பரத் தாளில் நீச்சல்குளம் இருக்கும், எல்.ஆர்.டி. நிலையம் எத்தனை நிமிஷம் என்று இருக்கும். இந்த 26 இருக்காது.

கடலும் இதில் ஒரு கட்சி. போர்ட் கிள்ளானில் கடல் பெருக்கு ஏறி நிற்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் இறங்க இடமில்லை. மதகை மூடி, பம்ப் வைத்து இறைக்கவேண்டும். பம்ப் ஓடினால் தெரு தப்பும், நின்றால் தப்பாது. கிள்ளானில் பல தாமான்களின் நிலைமை இதுதான்.

வெள்ளம் ஏறுகிற நேரம்கூடப் புயல்காற்றுக்கு வேண்டாம். 2024 மே 7 பிற்பகல், ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. 17 வாகனங்கள் நசுங்கின, ஒருவர் உயிரிழந்தார், மோனோரயில் நின்றது. நகரத்தின் நடுமத்தியில், ஸ்மார்ட் சுரங்கம் காக்கிற அதே வட்டாரத்துக்குள். நடைபாதைக்கும் தாருக்கும் நடுவே நெருக்கிப் பிடித்த வேர் எத்தனை காற்றைத் தாங்கும் என்று மழைக்காலத்துக்கு முன்பே மரம் மரமாகப் பார்ப்பது மாநகராட்சியின் அன்றாட வேலை. அதற்குத் திறப்பு விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

ஆற்று மட்டம் இப்போது கைபேசியிலேயே தெரிகிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வெள்ளத் தகவல் பக்கத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று படிகள் இருக்கின்றன. அமாரான் வந்ததும் எந்தத் தெருவில் யார் எந்தக் கதவைத் தட்டுவது, நடக்கமுடியாத பாட்டியை யார் தூக்குவது? அது எந்தப் பக்கத்திலும் இல்லை. குடியிருப்பாளர் சங்கம் உட்கார்ந்து எழுதவேண்டிய பட்டியல் அது. ஸ்ரீ மூடா பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைச் செய்கிறார்கள். இரவில் கனமழை பிடித்தால், எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் காரை மேட்டுச் சாலையில் ஏற்றி நிறுத்திவிட்டு, குடை பிடித்துக்கொண்டு நடந்தே வீடு திரும்புகிறார்கள்.