கண்ணன் தேவன் நில வழக்கும் நமது லயமும்

(மூணாறு கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1972 ஏப்ரல் 27ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டது கண்ணன் தேவன் கம்பெனி. எதிர்த்து நின்றது கேரள சர்க்கார். சண்டை நாம் குடியிருக்கும் இந்த மலைக்காக.

1877இல் பூஞ்ஞாறு ராஜா இந்த மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்தார். பின்னால் அது கம்பெனி கைக்குப் போனது. காடு வெட்டித் தேயிலை நட்டவர்கள், திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணியோடு மலையேறி வந்த நம் பாட்டன், பாட்டிமார். எழுதிக் கொடுத்த பத்திரத்தில் அவர்கள் பெயர் ஏது?

1971இல் கேரள சட்டசபை கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. தேயிலைக்கு வேண்டிய நிலம் கம்பெனிக்கு, மற்றது சர்க்காருக்கு. சொத்துரிமை அன்று அடிப்படை உரிமை. அதைப் பிடித்துக்கொண்டு கம்பெனி கோர்ட்டுக்குப் போனது, தோற்றது. ஏன் தோற்றது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

நிலச்சீர்திருத்தத்துக்காகப் போட்ட சட்டமானால், அரசியல் சட்டத்தின் 31ஏ பிரிவு அதற்குக் காவல். இது நிலச்சீர்திருத்தந்தானா? சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள்: விவசாய வளர்ச்சிக்கும் விவசாய மக்களின் நலனுக்கும் வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மிச்ச நிலத்தை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் பதித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. நிலச்சீர்திருத்தந்தான் என்று கோர்ட் ஏற்றது. ஆக, ஏழையின் பெயரைச் சொல்லித்தான் சர்க்கார் ஜெயித்தது!

1974இல் லேண்ட் போர்டு அளந்து பிரித்தது. கம்பெனிக்கு 57,359 ஏக்கர். சர்க்காருக்கு 70,522 ஏக்கர். இரவிகுளம் சர்க்கார் பக்கம் வந்து, 1975இல் சரணாலயமும் 1978இல் தேசியப் பூங்காவும் ஆனது. வரையாடு வாழட்டும், அதன்மேல் நமக்கு வழக்கில்லை. ஆனால் ரிட்டயர் ஆன தொழிலாளி லயத்தைக் காலி செய்துவிட்டு எங்கே போவார்? பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் அந்த ஓர் அறை நிலைக்கும். படித்த பிள்ளையும் அதற்காகவே கூடை தூக்குகிறது.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடி லயங்கள்மேல் மலை சரிந்தது. எழுபது உயிர் போயிற்று. பிறகு குற்றியார் பள்ளத்தாக்கில் எட்டுக் குடும்பங்களுக்குச் சர்க்கார் இடம் கொடுத்தது, கம்பெனி வீடு கட்டியது. அப்படியானால் கொடுக்க இடம் இருக்கிறது! அதற்கு நாம் மண்ணுக்குள் போக வேண்டுமா?

"நீங்கள் தோட்டத் தொழிலாளி, விவசாயத் தொழிலாளி அல்ல" என்று ஆபீஸில் வக்கணை பேசக்கூடும். ரிட்டயர் ஆனவருக்குத் தோட்டமும் இல்லையே, அவர் யார் என்று திருப்பிக் கேளுங்கள். மலையாளித் தொழிலாளிக்கும் இதே கதிதான். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

தேவிகுளம் தாலுகா ஆபீஸுக்குக் கூட்டு மனு கொண்டு போகிறோம். எந்த எஸ்டேட், எத்தனை வருஷம் வேலை, சொந்தத்தில் ஒரு சென்ட் உண்டா இல்லையா, இவற்றை எழுதி ரேஷன் கார்டு நகலோடு ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்கத்தில் கொடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார் வந்து சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.