இருதயம் எழுதும் கோடுகள்



இருதயம் துடிக்கையில் உண்டாகும் நுண்ணிய மின்னோட்டத்தைக் கடதாசியில் கோடுகளாக வரைவதே ஈ.சீ.ஜீ. இதற்கான கருவியை அமைத்த ஒல்லாந்துப் பேராசிரியர் ஐந்தோவன் 1924ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

இருதயத் தளர்ச்சி என்றால் இருதயம் நின்றுவிட்டது என்பதன்று. உடலுக்கு வேண்டிய இரத்தத்தை இறைக்க அதற்கு வலுப் போதவில்லை என்பதே பொருள். இத்தளர்ச்சியை ஈ.சீ.ஜீ. நேரே காட்டமாட்டாது. ஆனால் அதற்குக் காரணமானவற்றைக் காட்டும்: முன்பு வந்த மாரடைப்பின் வடு, இரத்த அழுத்தத்தால் தடித்த இடது கீழறை, ஒழுங்கு தவறிய துடிப்பு ஆகியன. கோடுகள் முற்றும் சீராயிருந்தால் தளர்ச்சி இருப்பது அரிது. எனினும் இல்லையென்று அறுதியிட முடியாது. ஆகையால் வைத்தியர் இரத்தத்தையும் சோதிப்பார். இறைக்கும் வலுவை எக்கோ பரிசோதனையால் அளப்பார்.

பெரியோர்களே, படுத்தால் மூச்சு முட்டுகிறதா? கணுக்கால் வீங்குகிறதா? முதுமைதானே என்று பொறுத்திருக்க வேண்டாம். இளைஞர்களே, வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய ஈ.சீ.ஜீ. தாள் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் புதிதாக வந்த மாற்றம் வைத்தியருக்குத் தெளிவாகும்.