கருவி செய்வோர்க்கு ஒரு வேண்டுகோள்

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் வடக்கே சென்றால் அலுவிகாரை என்னும் குகைக் கோயிலைக் காணலாம். கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, வலகம்பா மன்னன் காலத்தில், பௌத்த மறையாகிய திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் அஃது என்பது மரபு. அதுகாறும் பிக்குமார் அம்மறையை நினைவிலேயே காத்து வந்தனர். பஞ்சமும் போரும் நாட்டை வருத்தியபோது, மனனஞ் செய்தோர் மாண்டால் மறையும் உடன் மாளுமே என்ற அச்சம் எழுந்தது, ஆகவே எழுதிவைத்தனர்.

கணினியோடு இணைந்து இயங்கும் கருவிகளுக்கும் இன்று அத்தகைய அச்சமொன்று உண்டு. அச்சுப்பொறி, ஸ்கேனர், வை-பை அட்டை முதலிய ஒவ்வொன்றும் தனக்கெனச் சில கட்டளைகளையே அறியும். கணினி சொல்வதைக் கருவிக்கு விளங்கும் கட்டளையாக மாற்றித் தரும் நிரலுக்கு இயக்கி என்று பெயர். நிறுவனங்கள் பல விண்டோஸுக்கு மட்டும் இயக்கியை எழுதி, கட்டளைகளின் விவரத்தைத் தம்மிடமே மறைத்து வைத்துக்கொள்கின்றன. அந்நிறுவனம் அக்கருவியைக் கைவிடும் நாளில் அதனைப் பற்றிய அறிவும் மறைந்துபோகிறது.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11 கேட்கும் தகுதி அற்றவை. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு லினக்ஸ் மறுவாழ்வு அளிக்கவல்லது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இம்முறைமைக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. மாத்தளை மலைச்சாரலில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலை இவ்வழியை மேற்கொள்வதாக வைத்துக்கொள்வோம். கணினி பிழைத்துவிடும், அச்சுப்பொறியோ வாய்திறவாது நிற்கும். தவணைப் பரீட்சை வினாத்தாளை அச்சிட ஆசிரியர் நகரத்துக்குப் பேருந்து ஏறவேண்டும்.

“இலவச முறைமையை நாடுவோர்க்காக நாம் ஏன் உழைக்க வேண்டும்?” என்று நிறுவனத்தார் வினவலாம். முறைமைதான் இலவசம், அச்சுப்பொறிக்கு முழு விலையும் கொடுத்தாயிற்று. உழைப்புக்கு ஆகும் செலவைக் காரணங்காட்டினும் விடை உண்டு. 2007ஆம் ஆண்டிலேயே லினக்ஸ் வல்லுநர் கிரெக் குரோவா-ஹார்ட்மன், கருவியின் விவரத்தைத் தரும் நிறுவனங்களுக்கு இயக்கியைக் கட்டணமின்றி எழுதித் தருவதாக அறிவித்தார். வணிக மறைபொருள் வெளிப்படுமே எனின், அதே 2007இல் ஏ.எம்.டி. நிறுவனம் தன் வரைகலைச் சில்லுகளின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது, தொழில் நலிந்துவிடவில்லை. 2012இல் டோர்வால்ட்ஸின் கடுஞ்சொல்லுக்கு இலக்கான என்விடியாவும், 2022இல் தன் இயக்கியின் ஒரு பகுதியைத் திறந்த மூலமாக்கியது. கேட்பது வீண்போவதில்லை.

விவரம் கிடைத்தால் எழுதுவதற்கு ஆள் உண்டா என்ற ஐயமும் வேண்டா. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய ‘சஹானா’ என்னும் கட்டற்ற மென்பொருளை இலங்கைத் தொண்டர்களே சில வாரங்களில் ஆக்கினர். பின்னர் அது பிற நாடுகளுக்கும் பயன்பட்டது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. ஆயினும் கேட்கும் முறையொன்று உண்டு. வாங்குமுன்னரே, “இது லினக்ஸில் இயங்குமா?” என்று கடையில் வினவுதல் முதற்படி. பின்னர் நிறுவனத்துக்கு எழுதுங்கால், கருவியின் மாதிரி இலக்கம், லினக்ஸின் பதிப்பு, இயங்காத செயல் ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும், வசைமொழி கூடாது. ஒருவர் குரலினும் பலர் குரல் வலிது. ஆதலின் வலயக் கல்விப் பணிமனைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் விலைமனுக் கோரும்போது, லினக்ஸில் இயங்குதல் வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். நன்கு ஆதரவளிக்கும் நிறுவனத்தின் கருவியையே வாங்கி, வாங்கிய காரணத்தையும் அதற்கு அறிவித்தல் இன்னும் சிறப்பு.

கோருவது தானமன்று. கருவியை விற்போர் அதன் இயக்கியையேனும், அஃதியலாதாயின் அதனை எழுதுதற்கான குறிப்பையேனும் உடன் தருதல் வாணிக முறையேயாகும்.