இடுப்பெலும்பும் 24 மணி நேரமும்

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் ஒரு பாட்டி பாத்ரூம் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. இடுப்பெலும்பு முறிவுக்கு இது முக்கியமான அடையாளம். "இந்த வயசுல ஆபரேஷனா? கட்டுப் போட்டுப் பார்க்கலாமே" என்று உடனே ஒரு குரல் வரும். ஆனால் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும்.

ஆபரேஷனை எவ்வளவு சீக்கிரம் செய்வது? இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் லான்செட் இதழில் வந்தது. முறிவு உறுதியானபின் ஒரு பிரிவுக்குச் சுமார் 6 மணி நேரத்தில் அறுவை, மற்றதற்கு 24. இறப்பில் பெரிய வித்தியாசமில்லை, ஏமாற்றம்தான். ஆனால் பெற்ற பிள்ளையையே "நீ யாருப்பா" என்று கேட்கவைக்கும் மனக்குழப்பம் 100க்கு 12 பேரிலிருந்து 9 ஆகக் குறைந்தது. எழுந்து நின்றதும் வீடு திரும்பியதும் சீக்கிரம்.

கவனியுங்கள், அங்கே தாமதம் என்பதே 24 மணி நேரம்! இங்கே துபாய் மகன் வந்து சரி சொல்லவே மூன்று நாள்.

108ஐக் கூப்பிடுங்கள். பாட்டி கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் மாத்திரைகளையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவரென்றால், அதை முதலில் சொல்லுங்கள்.