சிறுநீரகக் கல்லும் சிறு துளைச் சிகிச்சையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



வாய்க்கால் மராமத்தையும் சாலைகளையும் பற்றிப் பேசுவதே நமது வழக்கம். இன்று சிறுநீரகக் கல்லைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் கரையில், எட்டு அணைக்கட்டுகளின் பாசனத்தைப் பெற்று வாழும் மக்கள், பயிருக்கு நீர் பாய்ச்சிவிட்டுத் தம் உடலுக்கு நீர் பாய்ச்ச மறந்து நோயுறுகின்றனர் என்றால், அது வளர்ச்சிப் பணியாளரும் கவலைப்பட வேண்டிய செய்தியே.

நம் முன்னோர் இந்நோயைக் கல்லடைப்பு என்றனர். விலாவில் தோன்றி அடிவயிற்றுக்கு இறங்கும் அவ்வலியை அனுபவித்தவர்கள் இக்கூட்டத்திலும் இருப்பீர்கள். வாழைத்தண்டும் சிறுபீளையும் நம் வீடுகளில் வழங்கிவரும் மருந்துகள். அவற்றை நாம் இகழவில்லை. 5 மில்லி மீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். ஆனால் நெல்லிக்காய் அளவு வளர்ந்த கல் தண்டுச் சாற்றில் கரையாது. யூரிக் அமிலத்தால் ஆன கற்களை மருந்தால் கரைக்க இயலும். மற்றவற்றில் பெரும்பகுதி கால்சியம் சேர்ந்தவை, அவை கரைவதில்லை.

ஆஸ்பத்திரி என்றதும் நம் மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் விலாவில் நீண்ட கீறலிட்டுச் சிறுநீரகத்தைத் திறந்தே கல்லை எடுத்தார்கள். அவ்வாறு சிகிச்சை பெற்றவர் மீண்டும் ஏர் பிடிக்கப் பல வாரங்கள் ஆயின. அத்தழும்பைப் பார்த்தவர்களே இன்றும் மற்றவர்களை அச்சுறுத்துகின்றனர். அவர்கள் அறியாத செய்தி இது: 1976-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர்களான பெர்ன்ஸ்திரம், ஜோஹான்சன் ஆகிய இருவரும் முதுகுப்புறத்தில் ஒரு சிறு துளையின் வழியே கல்லை எடுக்கும் முறையை வெளியிட்டனர். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், உடலைக் கீறாமலே வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைக்கும் சிகிச்சை முதன்முதலாகச் செய்யப்பட்டது. சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய குழாயைச் செலுத்தி, லேசர் ஒளியால் கல்லைப் பொடியாக்கும் முறையும் இன்று பரவியுள்ளது. 2 சென்டி மீட்டருக்கு மேற்பட்ட கற்களுக்குப் பெரும்பாலும் துளை முறையே ஏற்றது. எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் துணையோடு ஊசி செலுத்தி, வழியை ஏறத்தாழ ஒரு விரற்கடை அளவுக்கு விரித்து, உள்ளே கல்லை உடைத்துத் துண்டுகளை வெளியே எடுக்கின்றனர்.

பலன் எத்தகையது? 2007 முதல் 2009 வரை உலகின் 96 மருத்துவ நிலையங்களில் துளை முறையில் சிகிச்சை பெற்ற 5,803 பேரைப் பற்றிய கணக்கு உள்ளது. 100-க்கு ஏறத்தாழ 76 பேர் கல் முற்றிலும் நீங்கப் பெற்றனர். ஐந்தில் நால்வருக்குச் சிக்கல் ஏதும் நேரவில்லை. மறைப்பதற்கில்லை: 100-க்குப் பத்துப் பதினொருவருக்குக் காய்ச்சல் வந்தது; ஆறு பேருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று நாம் கூறவில்லை. ஆயினும் அடைபட்ட சிறுநீரகத்தை அப்படியே விட்டுவைப்பது இதனினும் பெரிய ஆபத்து. வலி தானாக நின்றுவிட்டதென்று மகிழ்ந்திருக்கையில், உள்ளே சிறுநீரகம் வேலை செய்வதையே நிறுத்தியிருக்கக்கூடும். வலியோடு குளிர்க் காய்ச்சலும் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நடவு முடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

மற்றொன்றை நாம் அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சிகிச்சைக்குப் பின், சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காகச் சிலருக்கு ஸ்டென்ட் எனப்படும் மெல்லிய குழாயை உள்ளேயே வைத்து அனுப்புவர். மருத்துவர் குறித்த நாளில், பெரும்பாலும் சில வாரங்களுக்குள், அதை எடுத்துவிட வேண்டும். நாம் அறிந்த விவசாயி ஒருவர் வலி நீங்கி ஊர் திரும்பினார், பிசான சாகுபடி வந்தது, குழாய் மறந்துபோயிற்று. ஈராண்டு கழித்து வலியோடு சென்றபோது அக்குழாயின் மேலேயே கல் படிந்திருந்தது. ஒரு சிகிச்சையில் முடிந்த காரியத்துக்கு மேலும் இரண்டு சிகிச்சைகள் தேவைப்பட்டன. சீட்டில் எழுதியிருந்தது உண்மையே. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. ஊருக்குத் திரும்பும் நோயாளியிடம் "குழாய் வைத்திருக்கிறார்களா? எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்?" என்று கேட்பதற்கு வார்டு உறுப்பினருக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

செலவைப் பற்றிய அச்சமும் வேண்டா. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில், 1965-ல் தோன்றிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்கள் அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றும், கையில் குடும்ப அட்டையும் பெற்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்றால் காப்பீட்டு அட்டைக்குப் பதிந்துகொள்ளலாம். நோய் வந்தபின் ஓடுவதைவிட முன்பே பெற்றுவைப்பது நன்று.

எடுத்த கல் மீண்டும் வரும். இதுவே இந்நோயின் கெட்ட குணம். இத்தாலியில் முதன்முறை கல் கண்ட 199 பேரை ஐந்தாண்டு கவனித்து 1996-ல் முடிவை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 2 லிட்டர் சிறுநீர் கழியுமளவு நீர் அருந்திய 99 பேரில் 12 பேருக்கே கல் திரும்பியது. வழக்கம்போல் இருந்த 100 பேரில் 27 பேருக்குத் திரும்பியது. தண்ணீரைவிட மலிவான மருந்து உண்டோ? நம் வெயிலில் வயலில் நிற்பவர், 2 லிட்டர் கழிய வேண்டுமாயின் 3 லிட்டருக்கு மேலும் அருந்த வேண்டியிருக்கும். இருதய நோயாளிகளும், நீரைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியவர்களும் அவர் சொற்படியே நடக்க வேண்டும். கல் வருமென்று பாலையும் மோரையும் விலக்குவோர் பலர். அது தவறான எண்ணம். குறைக்க வேண்டியவை உப்பும் மிதமிஞ்சிய இறைச்சியும்.

தாய்மார்கள் தண்ணீர் குடிக்காததற்கு மறதி மட்டும் காரணமன்று. நடவு வயலிலும், நாள் முழுதும் பீடி சுற்றும் இடத்திலும் ஒதுங்க இடமின்மையால் அவர்கள் தாகத்தை அடக்குகின்றனர். ஆண்கள் நிறைந்த கூட்டங்களில் இது பேசப்படுவதில்லை. ஆகவே அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் இரண்டு பொருள்களைச் சேர்க்குமாறு உங்களை வேண்டுகிறோம்: ஒவ்வொரு பணித்தளத்திலும் நிழலில் மூடிவைத்த குடிநீர்ப் பானை, பெண்கள் கூடி வேலை செய்யும் இடங்களுக்கு அருகில் தண்ணீர் வசதியுள்ள கழிப்பிடம். இவற்றுக்கான மதிப்பீடுகளை எழுதி அனுப்புங்கள். நம் அலுவலகத்தில் அவை தேங்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.