பெருவுடையார் கோயிலும் மக்கள் வினாக்களும்

திருச்சிற்றம்பலம்.



திருவிழாக் காலங்களில் பல ஊர்களிலும் சொற்பொழிவு நிறைவுற்றபின் அன்பர்கள் மேடையருகே வந்து வினாக்கள் எழுப்புவது வழக்கம். சித்தாந்த நுட்பங்களைக் கேட்பார் சிலரே. பெரும்பாலோர் கேட்பவை வரலாறு பற்றியவை. அவற்றுள்ளும் தஞ்சைப் பெருவுடையார் கோயிலைப் பற்றி எழுவனவே மிகுதி. அவற்றைப் பாமரர் வினா என்று புறந்தள்ளுவார் உளர். நமக்கு அஃது உடன்பாடன்று. ஒரு கோயிலின் முன் நின்று, ‘இது எவ்வாறு எழுந்தது? எவர் எழுப்பினார்?’ என்று கேட்கத் தோன்றாத கல்வியினும், கேட்கத் தோன்றிய எளிமை மேலானது. ஆதலின் இன்று அவ்வினாக்களையே பொருளாகக் கொள்வோம்.

“விமானத்தின் நிழல் தரையில் விழுவதில்லையாமே, மெய்தானா?” என்பது முதல் வினா. விழுகின்றது, அன்பர்களே! காலையில் மேற்கிலும் மாலையில் கிழக்கிலும் நீண்டு கிடக்கும். காண வேண்டுவோர் மாலை நான்கு மணிக்குத் திருமுற்றத்தில் நின்று காணலாம். கதிரவன் தஞ்சைக்கு நேர் உச்சியில் வருவது ஆண்டில் இருமுறை; ஒன்று சித்திரைத் தொடக்கத்தில், மற்றொன்று ஆவணித் தொடக்கத்தில். அந்நாட்களின் நண்பகலில், அடி அகன்று நுனி குறுகிய அவ்விமானத்தின் நிழல் தன் அடிக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அந்த நேரத்தில் நம் வீட்டுக் கொல்லைச் சுவரின் நிழலும் அவ்வாறே அடங்கும். மார்கழியில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால் நண்பகலிலும் விமானத்தின் நிழலை வடபுறத்தே காணலாம்.

“உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல்லாமே? சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி யானைகளால் இழுத்தார்களாமே?” என்பது அடுத்த வினா. இச்செய்தி பள்ளிப் பாடங்களிலும் இடம்பெற்று, வழிகாட்டிகள் வாயிலும் வாழ்ந்து வருகின்றது. விமானத்தை அணுகி ஆராய்ந்தோர், அச்சிகரம் ஒரே கல்லன்று, பல கற்களைப் பிசிறின்றிப் பொருத்தி அமைத்தது என்று தெளிவுறக் கூறியுள்ளனர். இதனால் சோழர் பெருமை குன்றுமோ? குன்றாது. ஒற்றைக் கல்லை உயரத்தே ஏற்றுதற்கு வலிமை மிகுதியும் வேண்டும். இருநூறு அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் பல கற்களை இணைத்து, ஆயிரம் ஆண்டு மழைக்கும் இடிக்கும் அசையாது நிற்கச் செய்து, கீழிருந்து காண்போர் ஒரே கல்லென்று மயங்குமாறு அமைப்பதற்கு அறிவு வேண்டும். அவ்வறிவுக்குரியோனின் பெயரும் கல்லில் உள்ளது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். அரசன் தன் பெயரையே அவனுக்குப் பட்டமாகச் சூட்டினான். ஒற்றைக் கல்லைப் பற்றி நம்மிடம் கேட்டோர் பலர். பெருந்தச்சனைப் பற்றிக் கேட்டோர் மிகச் சிலர்.

மூன்றாவது வினா பெரும்பாலும் தாய்மார்களிடமிருந்து வரும். திருப்பணி செய்தோர்க்கு மோர் வழங்கிய இடைக்குல மூதாட்டி ஒருத்தி தன் வீட்டுக் கல்லைக் கொடுத்தாள் என்றும், அதுவே சிகரத்தில் ஏறியது என்றும், இறைவன் அரசனது கனவில் தோன்றி அம்மூதாட்டியின் நிழலில் இருப்பதாக உரைத்தான் என்றும் வழங்கும் கதையைச் சொல்லி, “அக்கிழவி பெயர் கல்வெட்டில் இருக்கின்றதா?” என்று கேட்பார்கள். அக்கதையைக் கூறும் கல்வெட்டு அங்கே இல்லை. ஆயினும் இக்கதையைப் பழிக்க நாம் விரும்பவில்லை. நிழலைப் பற்றிய கதை வியப்புக்காகக் கட்டியது. மூதாட்டியின் கதையோ, மன்னனது பெருங்கொடையையும் ஏழையின் சிறுகொடையையும் இறைவன் ஒன்றாகவே ஏற்கின்றான் என்னும் நம் முன்னோர் நெஞ்சிலிருந்து எழுந்தது. பூசலார் மனத்தில் எழுப்பிய கோயிலைப் போற்றும் சைவ உலகம் இதனைப் போற்றுவதில் வியப்பில்லை.

வியப்பு யாதெனின், கதை எதனைச் சொல்ல விரும்பியதோ அதனைக் கல்லும் தன் வழியில் சொல்லுகின்றது. திருவிளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அதற்காகத் தொண்ணூற்றாறு ஆடுகள், அல்லது நாற்பத்தெட்டுப் பசுக்கள், அல்லது பதினாறு எருமைகள் இடையரிடம் ஒப்புவிக்கப்பட்டன. எவ்வூர் இடையனிடம் எத்தனை உயிர்கள் ஒப்புவிக்கப்பட்டன என்பது பெயர் பெயராக வெட்டப்பட்டுள்ளது. இடைக்குலப் பெயர்களைத் தேடும் தாய்மார்களே, அவை அங்கே வரிவரியாக உள்ளன. கருவறையில் எரிந்த விளக்குக்கு நெய் சுமந்து வந்தோர் அவர்களே.

இனி எல்லா வினாக்களினும் எளிய வினாவுக்கு வருவோம். “இக்கோயிலைக் கட்டியவர் யார்?” இன்று ஐந்து வயதுக் குழந்தையும் ‘இராசராச சோழன்’ என்று விடை கூறும். நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் இவ்வினாவை எழுப்பியிருந்தால், கற்றோரும் வேறு விடை கூறியிருப்பர். பிருகதீசுவர மாகான்மியம் என்னும் தலபுராணம், கரிகாலச் சோழன் நோய் நீங்கப் பெற்று இக்கோயிலை எடுத்தான் என்கின்றது. மக்களும் அதனையே நம்பினர். 1886இல் அரசாங்கக் கல்வெட்டறிஞராகச் சென்னை மாகாணத்துக்கு வந்த செருமானியராகிய ஹூல்ஷ் என்பார் சுவர் எழுத்துகளைப் படித்தார். 1891 முதல் அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக அச்சில் வெளிவரலாயின. அதன் பின்னரே எடுப்பித்தவன் முதலாம் இராசராசன் என்பதும், கோயிலின் பெயர் இராசராசேச்சரம் என்பதும் உலகுக்கு விளங்கின.

இதனைச் சற்றே நின்று எண்ண வேண்டும். அப்பெயர் மண்ணுக்குள் புதைந்து கிடக்கவில்லை. ஓலையிற் சிதைந்தும் போகவில்லை. வலம் வருவோர் கைக்கெட்டும் உயரத்தில், அழகிய தமிழில், ஆழ வெட்டப்பட்டிருந்தது. தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் இருநூற்றெழுபத்தைந்தாம் நாளில், அஃதாவது 1010ஆம் ஆண்டில், விமானத்தின் உச்சியில் வைக்க அவன் அளித்த செப்புக் குடத்தின் எடை மூவாயிரத்து எண்பத்து மூன்று பலம் என்பதும், அதன்மேல் வேய்ந்த பொன் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறரைக் கழஞ்சு என்பதும்கூட அங்கே உள்ளன. அரைக் கழஞ்சையும் விடாது கணக்கெழுதிய மன்னனின் பெயரை, அச்சுவரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு நாள்தோறும் வலம் வந்தோர் அறியவில்லை. எழுத்தின் வடிவம் காலந்தோறும் மாறியது. படிப்பார் அற்றுப் போயினர்.

சைவர்களாகிய நமக்கு இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. தில்லையில் பொன்னம்பலத்தின் மேற்பால் பூட்டிக் கிடந்த அறையில் மூவர் தமிழ் செல்லரித்துக் கிடந்ததையும், நம்பியாண்டார் நம்பிகளின் துணைகொண்டு அரசன் அதனை மீட்டதையும் திருமுறைகண்ட புராணம் கூறும். அவ்வரசன் இராசராசனே என்று அறிஞர் பலர் கொள்வர். தமிழ்மறையை மறதியிலிருந்து மீட்டவனாகப் போற்றப்படும் அவனையே, அவன் எடுப்பித்த கோயில் வாயிலிலேயே நாம் மறந்திருந்தோம்!

அச்சுவரில் உள்ளவை அரசன் புகழ் மட்டுமல்ல. தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், ஏனையோர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு அவன் திருவாய் மலர்ந்தருளினான். ‘ஏனையோர்’ என்னும் அச்சொல்லை மனத்திற் கொள்ளுங்கள். நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு இரு சிறகாக வீடுகள் அமைத்து, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு எவருக்கு, அவர் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று நம் காலத்து அஞ்சல்காரருக்கு எழுதிக் கொடுப்பது போல எழுதியுள்ளனர். தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் முதல் வீட்டில் இருந்தவள் திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கை. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். பொன் நிறுத்த கல்லின் பெயரும் அதுவே. கூத்தப்பெருமான் பெயரால் அளக்கும்போது குறைத்து அளக்கக் கை கூசும் அன்றோ!

திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நாற்பத்தெண்மர், அவர்க்கு உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர், ஆக ஐம்பதின்மர். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். நம்பியாரூரன், திருநாவுக்கரையன் முதலான பெயர்கள் அவர்தம் தீக்கைப் பெயர்களோடு அங்கே காணப்படுகின்றன. கணக்கர், தையற்காரர், வண்ணார், குயவர், நாவிதர் ஆகியோரும் தத்தம் பங்கோடு இடம்பெற்றுள்ளனர். ஒருவர் இறப்பின் அவர்தம் உறவினருள் தகுதியுடையார் அப்பங்கைப் பெறுக, தகுதியுடையார் இல்லையேல் தகுதியுடைய பிறரை நியமிக்க என்னும் விதியும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு சலவைத் தொழிலாளியின் வாழ்வுக்குச் சான்று தரும் சுவர் உலகில் எத்தனை இடத்தில் உள்ளது?

இவற்றையெல்லாம் தஞ்சைக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டா. நம் நாட்டில் பழைய கற்றளி உள்ள சிற்றூர்களிலும், அளவிற் சிறியனவாகச் சுவரில் எழுத்துகள் உண்டு. யாரோ ஒருவர் அளித்த அரைமா நிலம், யாரோ ஒருத்தி வைத்த நுந்தா விளக்கு, ஏரிக்கரை உடைந்தபோது ஊரார் கூடிச் செய்த முடிவு ஆகியவை அங்கே இருக்கும். அவற்றுக்கு இன்று நேரும் கேட்டினைச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் தகாது.

பகைவர் படையெடுப்பால் அழிந்த எழுத்தைப் பற்றி மேடைதோறும் முழங்குகின்றோம். திருப்பணி என்னும் பெயரால் நாமே அழித்த எழுத்து எவ்வளவு! குடமுழுக்குக்கு நாள் குறித்தவுடன், சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்னும் ஆவல் எழுகின்றது. மணலைக் காற்றின் விசையால் பீய்ச்சிக் கல்லைத் துலக்கினார்கள். அழுக்கோடு எழுத்தும் மேற்பொறையாக உதிர்ந்தது. சில இடங்களில் சுண்ணாம்பின்மேல் சுண்ணாம்பு. சில இடங்களில் அதிட்டானம் மறையுமாறு தளம் உயர்த்திப் பளபளப்பான ஓடு பதிக்கின்றனர். மின்விளக்குப் பலகை மாட்ட, எழுத்தின் நடுவிலேயே துளையிடுகின்றனர். உபயதாரர் பெயரைப் புதுக்கல்லில் பொறித்து, அக்கல்லைப் பழைய உபயதாரர் பெயரின் மேலேயே பதித்துவைத்த கொடுமையையும் நாம் கண்டதுண்டு. செய்தோர் தீயவர் அல்லர், மெய்யன்பர்களே. அதுவே துயரம்.

செம்பியன் மாதேவியார் செய்ததை இவ்விடத்தில் நினைவூட்டுகின்றோம். கண்டராதித்தரின் தேவியாரும் உத்தம சோழரின் அன்னையாரும் ஆகிய அப்பெருமாட்டி, செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கியவர். திருக்கோடிக்காவில் பழைய கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த எழுத்துகளை அம்மையார் வீணாக விடவில்லை. அவற்றையெல்லாம் படியெடுப்பித்துப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டுவித்து, இதுவும் பழங்கல்லின் படியே என்னும் குறிப்பையும் சேர்ப்பித்தார். தமக்கு முன் கொடுத்தோர் பெயரை அழித்துத் தம் பெயரை எழுதிக்கொள்ளும் ஆற்றல் அவர்க்கு இருந்தது; அவ்வாறு செய்யவில்லை.

நமக்கோ உளி எடுக்கும் வேலையும் இல்லை. நனைத்த தாளைக் கல்லின்மேல் பரப்பி, தூரிகையால் எழுத்துப் பள்ளங்களுக்குள் செல்லுமாறு தட்டி, மைப்பஞ்சால் ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் எஞ்சிய இடம் கருப்பாகவும் பதிந்துவிடும். இதனை மைப்படி என்பர். தொல்லியல் துறையினர்க்கு எழுதினால் வந்து எடுப்பர். திருப்பணிக்குப் பாலாலயம் செய்யும் முன்னரே, சுவரைச் சுற்றி ஒருமுறை வலம் வந்து, எழுத்து உள்ள இடங்களைக் குறித்து, நிழற்படமும் மைப்படியும் எடுத்து, அதன் பின்னர்க் கொத்தனாரை அழையுங்கள் என்று திருப்பணிக் குழுவினரைக் கைகூப்பி வேண்டுகின்றோம். இளைஞர்கள் பழந்தமிழ் எழுத்துப் பயிற்சி பெறுதல் அரிதன்று. ஓரிரு திங்கள் ஊன்றிப் பயின்றால் சோழர் கால எழுத்துகளைத் தட்டுத்தடுமாறியேனும் படித்துவிடலாம்.

ஓதுவார் மூர்த்திகள் பண்ணிசைக்கக் காத்திருக்கின்றார். அவர் அமரும் மண்டபத்தின் தென்புற அதிட்டானத்தில், குமுதப்படைக்கு மேலே, ஆறு வரிகள் உள்ளன. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடக்கின்றன. பேச்சு முடிந்தபின் வினாக்கள் கேட்க வரும் அன்பர்கள் இம்முறை மேடையருகே வர வேண்டா. அங்கே வாருங்கள், நாமும் வருகின்றோம். விளக்கு ஒன்று மட்டும் யாரேனும் கொண்டு வருக.

திருச்சிற்றம்பலம்.